பல்லிடுக்குக் கம்பளி

தாக்பெக் பள்ளத்தாக்கில் சைமன் சன்ட்டர் என்பவனின் வாயிலிருந்து தினமும் விடிகாலையில் ஒரு பிடி ஆட்டுக் கம்பளி வந்தது. நல்ல ரகம்தான். கொஞ்சம் முரடு, நீள இழை, மேட்டு மேய்ச்சல் ஆடுகளுக்கே உரிய எண்ணெய்ப் பிசுக்கு. எச்சில் ஈரம் மட்டும்தான் குறை. அவன் மனைவி டைனா அதை அலசி, அடுப்பு மேல் கயிறு கட்டிக் காயவைத்து, சிக்கெடுத்து, நூற்று, காலுறை பின்னினாள். சந்தையில் மற்றக் காலுறைகளுக்கு என்ன விலையோ அதே விலைக்கு அவையும் போயின. இளம் ராணிக்கு முடிசூட்டிய வருஷத்துக் குளிர்காலத்தில் தொடங்கிய இந்த வரத்து, பக்கத்து ஊருக்கு ரயில் வந்து, அந்த ரயிலுக்கே துருப்பிடித்த பிறகும் நிற்கவில்லை.

இது ஏன் வந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். வொர்ரி. இன்றைக்கு உலகத்தில் பாதிப்பேர் ‘வொர்ரி பண்ணாதே’ என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்கிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் கேட்டவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அது கழுத்துக்கான வார்த்தை. ஆதியில் அதற்கு நெரித்துக் கொல்வது என்று பொருள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஜெர்மானியர்கள் அதன் பங்காளிச் சொல்லை இன்னமும் நெரிப்பதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு அது மனிதன் கையிலிருந்து ஓநாயின் வாய்க்குப் போயிற்று. ஓநாய் இந்தத் தீவில் அற்றுப்போனதும் நாய்க்கு வந்தது. நாய் ஆட்டின் குரல்வளையைக் கவ்வி உலுக்கினால் அது வொர்ரி. சாப்பிடும்போது எலும்பு தொண்டையில் சிக்கினாலும் எங்கள் பக்கம் அதையே சொல்வார்கள். மனசுக்கு அந்தச் சொல்லில் அப்போது வேலையே இல்லை. மனசு கனத்தால் மனசு கனத்தது என்றுதான் சொன்னார்கள், பெரும்பாலும் அதுகூடச் சொல்லவில்லை.

சைமனுக்குக் கிளென் என்று ஒரு நாய். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. கம்பளி வரத் தொடங்கியதற்கு முந்தின வருஷம் பனிச்சரிவில் சைமன் ஆளுயரத்துக்குப் புதைந்து கிடந்தபோது, மோப்பம் பிடித்து, நகம் பிய்ந்து ரத்தம் வரத் தோண்டி அவனை வெளியே இழுத்தது கிளென்தான். ஊர்க்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு, பாவம் டைனா என்று சொல்லியபடி வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. இதற்காக ஊரைச் சைமன் குறை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் சாப்பாட்டில் முதல் துண்டு கிளெனுக்குத்தான் போயிற்று, டைனா முறைத்தாலும் சரி.

அந்தப் பிப்ரவரியில் மேட்டு மேய்ச்சலில் கிட் ஹார்கரின் ஆடுகள் செத்துக் கிடக்க ஆரம்பித்தன. குட்டி சுமந்த பெண்ணாடுகள். குரல்வளை கிழிந்திருந்தது, ஒரு வாய்க் கறிகூடக் குறையவில்லை. பசிக்காகச் செய்கிற வேலை இல்லை இது. நல்ல நாய்க்குத்தான் இந்தப் பித்துப் பிடிக்கும் என்பதுதான் கொடுமை. பித்துப் பிடித்த நாய் தன் வீட்டு ஆட்டைத் தொடாது. மலை தாண்டிப் போய் அடுத்தவன் ஆட்டைக் கடித்துவிட்டு, திரும்பும் வழியில் ஓடையில் இறங்கி மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, விடியும்போது அடுப்படியில் பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்கும். ஒருநாள் காலையில் சைமன் கதவைத் திறந்தபோது கிளென் நனைந்த உடம்போடு வாசற்படியில் நின்றுகொண்டு வாலை ஆட்டிற்று. மழை இல்லை. சைமன் உட்கார்ந்து அதன் உதட்டை விலக்கிப் பார்த்தான். கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் ஒரு கற்றை ரோமம், ஹார்கர் தன் ஆடுகளின் இடுப்பில் பூசும் சிவப்புக் குறியோடு.

அவன் அதை விரலால் உருவி எடுத்த அதே நேரத்தில் வேலிக்கதவு கிரீச்சிட்டது. கிட் ஹார்கர் கத்திக்கொண்டே வந்தார். சைமன் இரவுச்சட்டையில் இருந்தான். அதில் பை கிடையாது. ரோமத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

“சைமன்! டேய் சைமன்! இன்னும் மூணு போச்சுடா! வயித்துல குட்டியோட கெடக்குதுங்கடா அங்க! எவன் வீட்டு நாயோ தெரியல. தெரிஞ்சா வை, அந்த நாயை மட்டுமில்ல, அவன் வம்சத்தையே வெரட்டுவேன்.”

சைமன் தலையை ஆட்டினான்.

“உனக்கே வாயடைச்சுப் போச்சு பாரு. நீ மனுஷன்டா. மத்தவனுங்க ‘அப்படியா’ன்னு கேட்டுட்டுக் கதவச் சாத்துறானுங்க. மத்தியானம் சத்திரத்துக்கு நாயைக் கூட்டிட்டு வந்துடு. எல்லா நாயையும் பாக்கப் போறோம்.”

ஹார்கர் வளைவு திரும்பி மறைகிறவரைக்கும் காத்திருந்து சைமன் அதை விழுங்கினான். பிறகு ஒரு முள்ளைக் கொண்டு கிளெனின் பற்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தான். கிளென் பொறுமையாக வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது.

சத்திரத்து முற்றத்தில் நடப்பது பழைய வழக்கம். பள்ளத்தாக்கின் நாய்களையெல்லாம் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வாயைத் திறந்து பார்ப்பார்கள். பல்லிடுக்கில் ரோமம் இருந்தால் அந்த நாயின் கதை அன்றோடு முடிந்தது. முடிப்பவன் நாயின் சொந்தக்காரனாகவே இருக்க வேண்டும். அன்றைக்கு வரிசையின் கடைசியில் பெஸ் நின்றது. பெஸ், ரால்ஃப் ஐவ்ஸனின் நாய். ஈயச் சுரங்கத்தில் கல் விழுந்து ரால்ஃபின் இடது கால் போய்விட்டது. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். அவருக்குச் சொந்தமாக ஓர் ஆடுகூடக் கிடையாது. எங்கள் பக்கம் ஆணும் பெண்ணும் நடந்துகொண்டே காலுறை பின்னுகிறவர்கள் என்பதால், அவர் உட்கார்ந்தே பின்னிப் பிழைத்தார். அதற்குக் கம்பளி கொண்டுவந்தது பெஸ். முட்புதர்களிலும் கல்வேலிகளிலும் ஆடு உரசிப் போகும்போது ஒட்டிக்கொள்ளும் ரோமத்தை அது வாயாலேயே பொறுக்கி, எடுத்துவந்து அவர் மடியில் போடும். இது ஊருக்கே தெரியும். போகிற வழியில் பெஸ் எதிர்ப்பட்டால் ‘என்னம்மா, இன்னிக்கி வியாபாரம் எப்படி’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆகவே பெஸ்ஸின் பல்லில் ரோமம் இருந்தது. ஹார்கரின் ஆடுகள் உரசாத புதர் பள்ளத்தாக்கில் இல்லை என்பதால் அந்த ரோமத்தில் சிவப்பும் இருந்தது.

“அட, அவ முள்ளுல மாட்டுனதப் பொறுக்குறவய்யா! ஒங்களுக்குத் தெரியாதா?” என்று ரால்ஃப் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். “ஆட்டுக்குட்டியக் கண்டாலே ஒதுங்கிப் போறவ. கிட்டு, ஒன் பொண்ணு இவ முதுகுல ஏறி வெளயாடலையா?”

ஹார்கர் கெட்டவர் இல்லை. தரையைப் பார்த்தார், பெஸ்ஸைப் பார்த்தார், கடைசியில் ஊரில் நியாயஸ்தன் என்று பெயரெடுத்த ஆளைப் பார்த்தார். “சைமன், நீ சொல்லுடா. நீ சொல்றபடி செய்யலாம்.”

சைமன் கிளெனைப் பார்த்தான். அது அவன் பூட்ஸ்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. பனிக்குள் கிடந்தபோது மேலே கேட்ட சுரண்டல் சத்தம் அவன் காதில் கேட்டது. அவன் சொன்னான்: “வாயில ரோமம் இருந்தா இருந்ததுதானே.”

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ரால்ஃப் ஊன்றுகோலை ஊன்றி வரிசையிலிருந்து விலகினார். பிறகு சைமனிடம் வந்து, “என்கிட்டத் துப்பாக்கி இல்லப்பா. இருந்தாலும் கை நடுங்கும், அவளுக்கு வலிக்கும். நீ நல்லா சுடுவே. நீயே செஞ்சுடு” என்றார். சத்திரத்துக்குப் பின்னால் கல்வேலியோரம் சைமன் பெஸ்ஸை உட்காரச் சொன்னான். உட்கார்ந்தது. தெரிந்த மனிதர்களைக் கண்டால் வாயில் இருப்பதைக் கொடுத்துவிடும் பழக்கம் அதற்கு. பல்லில் மிச்சமிருந்த கற்றையை அவன் காலடியில் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்தது. அவன் நன்றாகத்தான் சுட்டான்.

மறுநாள் காலையில் வாயில் ஏதோ தட்டுப்பட்டு விழித்தான். விரலை விட்டு இழுத்தான், ஒரு பிடி ரோமம் வந்தது. அடுப்பில் போட்டான், வீடெல்லாம் பொசுங்கல் நாற்றம். அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. தினமும் சிவப்புக் குறியோடுதான் வந்தது. இருமலும் உமட்டலுமாக அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்ததை டைனா பார்த்துவிட்டாள். அதற்கு என்ன பெயர் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நாய்க்கு வைத்திருந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

“என்னய்யா, ஒன்ன எது வொர்ரி பண்ணுது?”

கையை விலக்கிப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். அடுப்படியில் கிடந்த கிளெனைப் பார்த்தாள். அவள் கேட்காமலேயே எல்லாம் புரிந்தது.

“அடப்பாவி” என்றாள். ரோமத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, “நீ சொல்லலேன்னா நானும் சொல்லாதவதான். எனக்கும் பங்கு இருக்குய்யா இதுல” என்றாள். பிறகு எழுந்து போய் ரோமத்தை அலசினாள். கம்பளியை வீணாக்கி அவளுக்குப் பழக்கமில்லை. சிவப்பு தெரியாமலிருக்க நீலச்சாயத்தில் முக்கினாள். எங்கள் மொழியில் அந்தச் சொல் முதன்முதலாக ஒரு மனிதனின் மனசுக்குச் சொல்லப்பட்டது அன்றைக்கு அந்தப் படுக்கையில்தான் என்பது தாக்பெக்காரர்களின் கட்சி. அகராதிக்காரர்கள் வேறு ஊரும் வேறு வருஷமும் சொல்வார்கள். சொல்லட்டும்.

சைமன் இரவில் கிளெனைக் கொட்டகைக்குள் போட்டுப் பூட்ட ஆரம்பித்தான். ஆடுகள் சாவது நின்றது. பார்த்தாயா, பெஸ்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. லேசாகச் சந்தேகப்பட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆக, அவன் காட்டிய எச்சரிக்கையே பெஸ்ஸின்மேல் கடைசிக் கல்லையும் வைத்தது. அவனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கொட்டகைப் பூட்டில் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு அந்தியிலும் அவன் நெஞ்சு கூசியது.

ரால்ஃபுக்குக் கம்பளி கொண்டுவர ஆளில்லை. ஆட்டுக்காரர்களின் இலையுதிர்காலக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை; ஆட்டைக் கொல்லும் நாயை வளர்த்தவர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சைமன் அவர் வீட்டுக்கு ஓட்ஸ் மாவு கொண்டுபோனான், அடுப்பெரிக்கக் காய்ந்த கரிமண் கட்டிகளை வண்டியில் கொண்டுபோய் அடுக்கினான், கூரை ஒழுகியபோது ஏறிச் சரிசெய்தான். “இந்தப் பள்ளத்தாக்குலேயே நீ ஒருத்தன்தான்யா என்னை மனுஷனா மதிக்கிறே” என்று ரால்ஃப் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடச் சைமன் தாங்கியிருப்பான். அந்தக் கணமே சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே தீர்மானித்து, அவர் தந்த ரொட்டியைக் கடித்ததோடு கீழே வைத்துவிட்டு, “ரால்ஃப் அண்ணே, அந்த பெஸ்ஸு...” என்று ஆரம்பித்தான். உள்ளேயிருந்து ரோமம் பொங்கி வந்து வாயை அடைத்தது. கண் பிதுங்கிற்று. ரால்ஃப் ஒற்றைக் காலில் துள்ளிவந்து முதுகில் தட்டினார்.

“ரொட்டி வொர்ரி பண்ணிருச்சா? மெதுவா தின்னக்கூடாதா? இந்தா, தண்ணி குடி.”

சைமன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். பெஸ் என்ற பெயர் நாக்கின் நுனிக்கு வந்தால் ரோமமும் வரும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்ப முயன்றான், ஜெபக்கூடத்திலும் முயன்றான். சாட்சி சொல்ல எழுந்து நின்று, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்குள் பரிசுத்த ஆவி நிரம்பிவிட்டது என்று போதகர் மகிழ்ந்தார்.

இதற்கிடையில் டைனா பின்னிய நீலக் காலுறைகள் மலையிறங்கிப் போயின. அவற்றைப் போட்டவர்கள் விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். கால் கதகதப்பாக இருக்கும், தொண்டையில் மட்டும் ஏதோ பிடித்த மாதிரி இருக்கும், எப்போதோ செய்த ஒரு காரியம் நினைவுக்கு வரும். சந்தை நகரத்து வக்கீல் ஒருவர் தன் தம்பியிடமிருந்து எழுதி வாங்கிய வயலைத் திருப்பிக் கொடுத்தார். மாவுக்கடைக்காரர் ஒருவர் தராசை உடைத்துப் போட்டார். ஒரு பெண்மணி கல்யாணமாகி வெகுகாலமான பிறகு கணவனிடம் ஏதோ சொன்னாள், என்ன என்பது தெரியவில்லை. அவர் குதிரைலாயத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லிக் கழுத்தைத் தடவினார்கள். சொல்லும் காலுறையோடு சேர்ந்து ஊர் ஊராகப் போயிற்று. வாங்கியவர்களே மறுபடியும் வந்து வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குளிருக்கு அதைவிட நல்ல காலுறை கிடையாது. கிட் ஹார்கரும் ஒரு ஜோடி வாங்கினார். அந்த வாரமே, காரணம் சொல்லாமல், மிச்சமிருந்த பழைய மந்தையை விற்றுவிட்டு வடக்கேயிருந்து புது மந்தை ஓட்டிவந்து, இடுப்புக் குறியையும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினார்.

கிளென் கிழடாகி அடுப்படியிலேயே, சைமனின் கைமேல் தலையை வைத்துச் செத்தது. பள்ளத்தாக்கில் எந்த நாய்க்கும் வாய்க்காத சாவு. அது விட்டுப்போன ஒரு பெண்குட்டியைச் சைமன் ரால்ஃபிடம் கொடுத்தான். மனசு நிறைந்து கொடுத்தான் என்று சொல்ல முடியாது. வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்தான். ரால்ஃப் அதற்கு மெக் என்று பெயர் வைத்தார். புதரிலிருந்து ரோமம் பொறுக்க அதைப் பழக்கினார். மெக் வேலையைக் கற்றுக்கொண்ட அன்று சந்தோஷத்தில் ரால்ஃப் சைமனின் வீடுவரை நொண்டிவந்து, “பெஸ்ஸே திரும்பி வந்துட்டாய்யா!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவருஷம் ஆடுகள் மறுபடியும் சாக ஆரம்பித்தன. மறுபடியும் நாய்கள் சத்திரத்து முற்றத்துக்குப் போயின. மறுபடியும் வரிசையின் கடைசியில் ரால்ஃப், அவர் காலடியில் பல்லிடுக்கில் ரோமத்தோடு மெக். இந்தமுறை ரால்ஃப் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து நாயின் காதை நீவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே விடைகொடுத்துவிட்டவர் மாதிரி. மெக் செய்யவில்லை என்று சைமனால் சத்தியம் செய்ய முடியாது. கிளெனின் ரத்தம் அது, ஒருவேளை செய்திருக்கும். கொலைகார நாயின் குட்டியைக் கொண்டுபோய் அந்த மனிதர் மடியில் போட்டவன் அவன்தான். சொல்லவும் முடியாது, சொல்ல வாயைத் திறந்தால் என்ன வரும் என்பது தெரியும். கிட் ஹார்கர் ஒவ்வொரு நாயாக வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நெருங்கினார். டைனா கூட்டத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைமன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய், மெக்குக்கு முன்னால், நாய்களின் வரிசையில் நின்றான்.

“நீ எதுக்குடா இங்க நிக்கிறே? தள்ளு” என்றார் ஹார்கர்.

சைமன் வாயைத் திறந்தான். யாரோ சிரித்தார்கள். ஹார்கர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். வந்தது. மேலும் இழுத்தார், மேலும் வந்தது. விடியலில் எடுத்தது போக அன்றைக்கு இன்னொரு பங்கு வந்திருந்தது. கை நிறைந்ததும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். சிவப்பு. அந்தச் சிவப்பு எந்த மந்தையின் சிவப்பு, எந்த வருஷத்துச் சிவப்பு என்று அந்த முற்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதனின் வாயிலிருந்து கம்பளி வருவதைப் பற்றி யாரும் வியக்கவும் இல்லை. அந்தக் கம்பளி என்ன சொல்கிறது என்பதிலேயே எல்லாருடைய கவனமும் இருந்தது.

“வாயில ரோமம் இருந்தா இருந்ததுதான்னு சொன்னவன்டா நீ” என்றார் ஹார்கர் மெதுவாக.

சைமன் தலையாட்டினான். கண்ணீர் கொட்டிற்று.

“அப்ப ஒன்னத்தான்டா சுடணும்.” சொல்லிவிட்டு ஹார்கர் அந்தக் கற்றையைத் தன் பையில் திணித்துக்கொண்டு, “எல்லாரும் நாயைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்கய்யா” என்றார். அதற்குப் பிறகு தாக்பெக்கில் ரோமத்தை வைத்து எந்த நாயையும் தீர்த்துக்கட்டவில்லை. ஆடுகள் கோடைவரை செத்தன, பிறகு நின்றுவிட்டன. எந்த நாய் என்பது இன்றுவரை தெரியாது.

ரால்ஃப் நின்ற இடத்திலேயே நின்றார். “கிளெனா?” என்று கேட்டார். சைமன் தலையாட்டினான். “உனக்கு அன்னிக்கே தெரியும்.” அதற்கும் தலையாட்டினான். ரால்ஃப் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலை சைமனின் வேலிக்கதவில் மெக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் பாதி தீர்ந்த மாவு மூட்டையும், எரிக்காமல் மிச்சமிருந்த கரிமண் கட்டிகளும்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி நின்றுவிடும் என்று சைமன் நம்பியிருந்தான். நிற்கவில்லை. மறுநாளும் அதே அளவு, அதே சிவப்பு. “ஊருக்குக் காட்டிட்டா கழுவிப் போயிரும்னு நெனச்சியாக்கும்” என்றாள் டைனா, சாயத்தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தபடி. அது இனி தேவையில்லை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. பேச முடிந்தது. பெஸ் என்ற பெயரைச் சொன்னால் ஒன்றும் அடைக்கவில்லை. கண்டவர்களிடமெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னான், முதலில் கேட்டவர்கள் அழுதார்கள், போகப்போக “தெரியும்ப்பா, தெரியும்” என்று நகர்ந்தார்கள். சொல்வது அவனுக்குச் சுகமாகக்கூட ஆகிவிட்டது. அதைக் கண்டுகொண்டதும் அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்து நிறுத்திக்கொண்டான். ரால்ஃபின் வாசலில் மட்டும் பலமுறை போய் நின்று சொன்னான். கதவு திறக்கவில்லை. உள்ளே ஊசிகள் மோதும் சத்தம்கூட இல்லை, பின்ன அவரிடம் கம்பளி இல்லை.

அறுவடை முடிந்து முதல் பனி விழுவதற்கு முன்னால் ஒரு காலையில் ரால்ஃப் மேடேறி வந்தார். அந்த ஏற்றம் இரண்டு கால் உள்ளவனுக்கே மூச்சு வாங்கும். வந்து, முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, எதிரே நின்ற சைமனைப் பார்த்து, “வாயைத் தெற” என்றார்.

சைமன் மண்டியிட்டு வாயைத் திறந்தான். ரால்ஃப் கரடுமுரடான விரலை விட்டு, பல்லிடுக்கு ஒவ்வொன்றாகத் துழாவி, ரோமத்தை உருவி எடுத்தார். முகர்ந்து பார்த்தார். “பெஸ்ஸு கொண்டாந்தது இதைவிட ஒசத்தி” என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பனி அடைத்த நாட்களில் சைமன் இறங்கிப் போய் அவர் வாசலில் மண்டியிட்டான். கதவு அந்த அளவுக்குத் திறந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் இரண்டு பேரையும் அந்த நிலையில் பார்த்து, இன்றைக்குக் காற்று எப்படி, மழை வருமா என்று கேட்டுவிட்டுக் கடந்து போவார்கள். ரால்ஃப் பின்னிய காலுறைகள் சிவப்பு ஓடிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அவற்றைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சொன்னார்கள்.

வருஷங்கள் போயின. மெக்கும் கிழடாயிற்று. ரால்ஃப் வரும்போது அது வேலிவரை போய்க் கூட்டிவரும். அவர் அதைத் தடவவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். டைனா தினமும் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கல்லின்மேல் வைத்தாள். வெகுகாலம் அது ஆறி, கோழிக்குப் போயிற்று. ஒருநாள் பார்க்கும்போது கிண்ணம் காலியாக இருந்தது. அன்றைக்கு அவள் துணிந்து கேட்டாள்.

“இவரை மன்னிச்சுட்டீங்களா?”

“இல்லம்மா” என்றார் ரால்ஃப், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

“அப்பறம் ஏன் தெனமும் இந்த மேட்ட ஏறி வர்றீங்க?”

“ரோமம் வேணும்ல.”

அந்தப் பதிலில் கோபம் எதுவும் இல்லை. சைமன் அதைப் பல நாள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இல்லை என்று சொல்வதற்காகத்தான் அவர் அத்தனை தூரம் வருகிறார் என்றாலும், வருகிறார்.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில் சைமன் விழித்தபோது வாய் காலியாக இருந்தது. நாக்கால் துழாவினான். ஒன்றுமில்லை. சின்ன வயசில் இருந்த மாதிரிச் சுத்தமான, லேசான வாய். இத்தனை வருஷம் எதற்காக ஜெபித்தானோ அது கிடைத்திருந்தது, அவனோ போர்வையை உதறிப் பார்த்தான். மெக்கின் படுக்கையில் ஏதாவது ரோமம் கிடக்கிறதா என்றுகூடத் தேடினான். அதை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்து, அப்படி ஏற்கெனவே ஒருமுறை செய்தது போதும் என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டான். ஊன்றுகோல் சத்தம் மேடேறிக் கேட்டது. ரால்ஃப் இப்போதெல்லாம் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வருவார். வந்து கல்லில் அமர்ந்து, மூச்சு அடங்கியதும், வழக்கம்போல அவன் தாடையைப் பிடித்தார்.

மேல்வரிசையில் தேடினார், கீழ்வரிசையில் தேடினார், கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சைமன் கண்ணை மூடிக்கொண்டான். நாளையிலிருந்து இவர் வரமாட்டார் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைவே இல்லை.

ரால்ஃப் விரலை எடுத்துத் தன் கால்சட்டையில் துடைத்தார். வெறும் கையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வரும்” என்றார்.

மறுநாள் வந்தது.